ஆன்சைட் துரை

1868ஆம் வருஷம் ஆகஸ்ட் 8ஆம் தேதி. மனைவி, மைத்துனி, இரண்டு உதவியாளர்கள் சகிதம் யோகோஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கினார் ரிச்சர்ட் ஹென்றி பிரண்டன். வயது 26. ஊர் ஸ்காட்லாந்து. உத்தியோகம், ஜப்பான் அரசாங்கத்துக்குக் கலங்கரை விளக்கம் கட்டித்தரும் தலைமை இன்ஜினீயர்.

ஒரே ஒரு சிக்கல். ‘ஒரு நல்ல இன்ஜினீயர் வேண்டும், அனுப்புங்கள்’ என்று கேட்ட அரசாங்கம் அப்போது உயிரோடு இல்லை.

260 வருஷத்துக்கும் மேலாக நாட்டை மடியில் கட்டி வைத்திருந்த தொகுகவா ஷோகுன் பரம்பரை அந்த வருஷ ஆரம்பத்தில்தான் கவிழ்ந்திருந்தது. வடக்கே சண்டை இன்னும் ஓயவில்லை. துரை வந்து இறங்கிய அடுத்த மாதம், எடோ நகரத்துக்கு டோக்கியோ என்று பெயர் மாற்றினார்கள். அதற்கும் அடுத்த மாதம், நடக்கிற காலத்துக்கே ‘மெய்ஜி’ என்று பெயர் சூட்டினார்கள். ஆபர் லெட்டர் கொடுத்தது ஒரு கம்பெனி. ஜாயின் பண்ணப் போனால் வாசலில் வேறு போர்டு. உள்ளே பெயின்ட் இன்னும் காயவில்லை. வேறு யாராக இருந்தாலும் அடுத்த கப்பலுக்கு டிக்கெட் விசாரித்திருப்பார்கள். பிரண்டன் பெட்டியைத் திறந்து துணிமணிகளை அடுக்கினார். புது முதலாளி பழைய முதலாளியின் கடனை மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கடன்பத்திரத்தின் மறுபக்கத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது.

விளக்கு வைக்காத குற்றம்

நடந்தது இதுதான். 1863இல் சோஷூ என்ற சமஸ்தானத்துக்காரர்களுக்கு வெள்ளைக்காரர்கள் மேல் கோபம் வந்தது. ஷிமோனோசெகி ஜலசந்தி வழியாகப் போன வெளிநாட்டுக் கப்பல்களைப் பீரங்கியால் சுட்டார்கள். மறு வருஷம் பிரிட்டன், பிரான்ஸ், ஹாலந்து, அமெரிக்கா நான்கும் கூட்டாக வந்து வட்டியோடு திருப்பிச் சுட்டன. சுட்ட செலவுக்கு 30 லட்சம் டாலர் அபராதம் என்று ரசீதும் நீட்டின. சுட்டது சோஷூ, ரசீது ஷோகுனுக்கு. பிள்ளை உடைத்த கண்ணாடிக்கு அப்பா காசு கொடுக்கிற அதே நியாயம்.

பணத்தோடு விட்டார்களா? 1866இல் ஒரு வர்த்தக ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். அதன் 11ஆவது ஷரத்து, திறந்துவிட்ட துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்களின் பாதுகாப்புக்காக விளக்கு, மிதவை, அடையாளக்கம்பம் எல்லாம் ஜப்பானே வைக்க வேண்டும் என்றது. வீடு புகுந்து அடித்துவிட்டு, போகும்போது ‘வாசப்படி இருட்டாக இருக்கிறது, விளக்குப் போடக் கூடாதா?’ என்று அதட்டிய கதை. அதட்டலுக்கென்றே பிறந்த பிரிட்டிஷ் தூதர் ஒருவர் இருந்தார், சர் ஹாரி பார்க்ஸ். எங்கெங்கே விளக்கு வேண்டும் என்று அவரே பட்டியல் போட்டார், இன்ஜினீயருக்கு லண்டனுக்கும் எழுதிப்போட்டார்.

ரெஸ்யூமே

கடிதம் கைமாறி எடின்பரோவில் ஸ்டீவன்சன் சகோதரர்களிடம் வந்து சேர்ந்தது. கலங்கரை விளக்கத்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். அப்பா, பிள்ளை, பெரியப்பா என்று குடும்பம் குடும்பமாக ஸ்காட்லாந்துக் கரையெல்லாம் விளக்கு நட்டவர்கள். டேவிட் ஸ்டீவன்சன் அண்ணன், தாமஸ் ஸ்டீவன்சன் தம்பி. தம்பிக்கு ஒரே பிள்ளை. அவனையும் இன்ஜினீயரிங் படிக்கத்தான் போட்டிருந்தார். பையன் 1871இல் ‘எனக்கு இது வராது, நான் எழுதப் போகிறேன்’ என்று அப்பா தலையில் கல்லைப் போட்டான். ஊர் உலகமே துக்கம் விசாரித்திருக்கும். அந்தப் பையன்தான் பின்னால் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். இன்ஜினீயரிங்கை விட்டு உருப்பட்ட பிள்ளைகளின் பட்டியலில் முதல் வரிசையில் உட்காருகிறவர்.

விடாமல் உருப்பட்டவர் நம் பிரண்டன். ஆனால் அவர் படித்ததும் பார்த்ததும் ரயில்வே வேலை. கலங்கரை விளக்கத்தைக் கப்பலில் போகிறவன் பார்ப்பானே, அந்த அளவுக்குத்தான் பழக்கம். பேட்டி எப்படி நடந்திருக்கும் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்.

‘கலங்கரை விளக்கம் கட்டியதுண்டா?’

‘ரயில் பாதை போட்டிருக்கிறேன், ஐயா.’

‘அது படுத்திருக்கும். இது நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். கிளம்பு.’

1868 பிப்ரவரியில் வேலை உறுதியானது. சில மாதங்கள் ஸ்டீவன்சன்களிடம் பாலபாடம். லென்ஸ், திரி, எண்ணெய், கல்கட்டு. ஜூனில் கப்பல். புது டெக்னாலஜியில் மூன்று மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு ‘எக்ஸ்பர்ட்’ என்று விமானம் ஏறுகிற வழக்கத்தை நம் பையன்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று இனிமேல் யாரும் பெருமை பேச வேண்டாம். பேட்டன்ட் ஸ்காட்லாந்திடம் இருக்கிறது.

பஞ்ச பாண்டவர்

இங்கே கதையை ஐந்து வருஷம் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிரண்டன் இன்ஜினீயராக வெளிநாடு வந்தார் அல்லவா? அவருக்கு முன்பே ஐந்து பேர் அதே கடலில் எதிர்த்திசையில் போயிருந்தார்கள். ஊர், கப்பல்களைச் சுட்ட அதே சோஷூ.

இந்த ஐவரில் மூன்று பேர் 1863 ஜனவரியில், எடோவில் கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தவர்கள். ஐந்தே மாதத்தில் அதே பிரிட்டனுக்குப் படிக்கப் போனார்கள். அமெரிக்க விசாவுக்கு ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் வரிசையில் நின்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் நெற்றியில் விபூதி இருக்கலாமா கூடாதா என்றே கவலைப்படுவார்கள்.

நாட்டை விட்டுப் போனால் மரண தண்டனை என்று சட்டம் இருந்த காலம். குடுமியை வெட்டினார்கள். அளவு பொருந்தாத பழைய கப்பல்காரன் உடுப்பை மாட்டினார்கள். கரி வைக்கிற அறையில் ஒளிந்து ஷாங்காய் போனார்கள். அங்கே பயணத்துக்கு ஏற்பாடு செய்த பிரிட்டிஷ் கம்பெனியின் துரை, ‘என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?’ என்று கேட்டார். கடற்படை பற்றி என்று சொல்ல ஆசை. தெரிந்த இங்கிலீஷ் சொல் ஒன்றே ஒன்று, ‘நேவிகேஷன்’. அதைச் சொன்னார்கள். ‘ஓகோ, கப்பல் ஓட்டவா?’ என்று இரண்டு பேரைத் தேயிலைக் கப்பலில் கூலி மாலுமிகளாக ஏற்றிவிட்டார்கள். பயணச் செலவும் கொடுத்து, நான்கு மாதத்துக்குப் பாய்மரக் கயிறும் இழுத்து, தளமும் கழுவினார்கள். வயிறு கெட்டுப்போன ஒருவரை, கடலுக்கு மேல் நீட்டியிருந்த பலகைக் கழிப்பறையில் விழாமல் இருக்க இன்னொருவர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

கயிற்றின் அந்த முனையில் இருந்தவர் பெயர் இதோ ஹிரோபுமி. ஜப்பானின் முதல் பிரதமர். கயிற்றைப் பிடித்தவர் இனோவே காவோரு. பிற்கால வெளியுறவு மந்திரி. ராஜதந்திரம் என்பதன் அடிப்படைப் பாடம் அந்தக் கப்பலிலேயே முடிந்துவிட்டது.

மற்ற மூவர், யமாவோ யோசோ, இனோவே மசாரு, எண்டோ கின்சுகே. வனவாசமும் அஞ்ஞாதவாசமும் சேர்ந்த மாதிரி லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்தார்கள். யமாவோ அங்கிருந்து கிளாஸ்கோவுக்குப் போய், பகலில் நேப்பியர் கப்பல் பட்டறையில் தொழிலாளி, இரவில் ஆண்டர்சன் காலேஜில் மாணவன் என்று இரண்டு ஷிப்ட் பார்த்தார். விராட தேசத்துப் பீமன் சமையற்கட்டில் நின்ற மாதிரிதான். ஆனால் பீமன் சமையல் குறிப்புகளை எழுதி ஊருக்குக் கொண்டுபோகவில்லை. இவர் கொண்டுபோனார்.

இந்தப் பெயர்களை முந்தானையில் முடிந்து வையுங்கள். துரை காத்திருக்கிறார்.

பெஞ்சில் ஒரு பாலம்

இறங்கிய துரைக்கு உடனே வேலை இல்லை. கட்டவேண்டிய இடங்களைப் பார்க்கக் கப்பல் வேண்டும். புது அரசாங்கத்திடம் கப்பலும் இல்லை, காசும் இல்லை. கம்பெனி மொழியில் இதற்குப் ‘பெஞ்ச்’ என்று பெயர். பெஞ்சில் இருக்கிறவன் கேன்டீனில் டீ குடிப்பான். பிரண்டன் யோகோஹாமாவைக் கிண்டிக் கிளறினார்.

ஊரை அளந்து வரைபடம் போட்டார். தெரு போட்டார், சாக்கடைக்குக் குழாய் புதைத்தார். 1869இல் யோஷிதா பாலத்தை இரும்பில் கட்டிக் கொடுத்தார். ஊர் ஜனம் அதற்கு ‘கானே நோ ஹாஷி’ என்று பெயர் வைத்தது. ‘கானே’ என்றால் உலோகம், பணம் என்றும் ஒரு பொருள் உண்டு. கடக்கிறவர்களிடம் சுங்கம் வாங்கினார்கள் என்பதால் இரண்டு பொருளும் பொருந்திற்று. நம்மூர் டோல்கேட்டுக்கு ஒருவரும் இவ்வளவு அழகாகப் பெயர் வைக்கவில்லை.

இதற்கிடையே 1868 கடைசியில் பார்க்ஸ் புண்ணியத்தில் மனில்லா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடைத்தது. கரையோரமாகப் போய் இடம் பார்த்தார். ஊர் என்று எதுவும் இல்லாத பாறை, அலை மட்டும் குடியிருக்கிற தீவு, குரங்குக்கே கால் வழுக்குகிற முனை. எங்கே மனுஷன் போகக் கூடாதோ அங்கேதான் கலங்கரை விளக்கம் நிற்க வேண்டும். அந்தத் தொழிலின் ஜாதகம் அப்படி. ஷிமோதாவுக்கு அப்பால் கடல் நடுவே இருக்கிற மிகோமோதோ தீவில் கல்லின் மேல் கல் ஏற்றி ஒரு கோபுரம் எழுப்பினார். 1871 ஜனவரி 1ஆம் தேதி விளக்கேற்றம். பார்க்ஸும் அரசாங்கப் பெரிய தலைகளும் படகேறிப் போய் நின்றார்கள். அந்தக் கல் கோபுரம் இன்றும் அங்கேயே நின்று எரிகிறது.

இதற்குள் கூட வந்த உதவியாளர்கள் இரண்டு பேரும் கழன்றுகொண்டுவிட்டார்கள். பிரண்டனோடு வேலை செய்வதைவிட வேலையில்லாமல் இருப்பது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மனிதர் கெட்டிக்காரர், கைசுத்தம், அசராத உழைப்பாளி. இந்த மூன்றும் உள்ள மேனேஜரிடம் வேலை பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

உருண்டை மேல் தீபம்

பிரண்டன் சண்டை போடாத ஆள் யார் என்று தேடினால் ஸ்டீவன்சன்களாவது மிஞ்சுவார்கள் என்று நினைப்போம். மிஞ்சவில்லை.

ஜப்பானில் பூகம்பம் அடிக்கடி வரும் என்று கேள்விப்பட்ட டேவிட் ஸ்டீவன்சன், எடின்பரோவில் உட்கார்ந்தபடியே ஒரு மருந்து கண்டுபிடித்தார். விளக்கையும் அதன் இயந்திரத்தையும் ஒரு மேஜை மேல் வைப்பது. மேஜைக்குக் கீழே கிண்ணம் போன்ற குழிகள், குழிக்குள் உலோக உருண்டைகள். பூமி ஆடினால் உருண்டை உருளும், மேலே விளக்கு அசையாது. தாளில் அற்புதம். பூகம்பத்தையே பார்க்காத ஊரில் பூகம்பத்துக்குச் செய்த லேகியம்.

மேஜைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பொருத்தினார்கள். பூகம்பம் வந்தபோது மேஜை என்ன செய்தது என்பது இருக்கட்டும். பூகம்பம் வராத மற்ற நாளெல்லாம் ஆடிற்று. லென்ஸ் துடைக்க ஆள் ஏறினால் ஆடிற்று. இயந்திரத்துக்குச் சாவி கொடுத்தால் ஆடிற்று. கடலில் கப்பல் ஆடலாம், கப்பலுக்கு வழிகாட்டுகிற விளக்கு ஆடலாமா? பிரண்டன் ஸ்குரூவை எடுத்து மேஜையை இறுக்கி முடுக்கிவிட்டார். ஹெட் ஆபீஸ் அனுப்பிய சாஃப்ட்வேரைக் கிளையில் சத்தமில்லாமல் அன்இன்ஸ்டால் செய்கிற மாதிரி. ஆனால் சத்தமில்லாமல் செய்கிற வழக்கம் நம்மவருக்கு இல்லை. ‘கனமாக, கெட்டியாகக் கட்டினால் போதும், உருண்டையெல்லாம் எதற்கு?’ என்று வாதாடினார். எடின்பரோவுக்கு மூக்கின் மேல் கோபம்.

இங்கே ஒரு குட்டி வேடிக்கை. பிரண்டன் ஜப்பானை விட்டுப் போன அதே 1876 மார்ச்சில் ஜான் மில்ன் என்ற இன்னொரு இன்ஜினீயர் வேலைக்கு வந்து சேர்ந்தார். கப்பல் குமட்டலுக்குப் பயந்து, ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வழியாகத் தரை மார்க்கமாகவே மாதக்கணக்கில் வந்த புண்ணியவான். வந்த முதல் ராத்திரியே பூகம்பம் வரவேற்றது. சுரங்கம் சொல்லிக்கொடுக்க வந்தவர் பூகம்பப் பைத்தியமாகி, 1880இல் உலகின் முதல் பூகம்ப ஆராய்ச்சிச் சங்கம் உருவாகக் காரணமானார். ஒரு வீட்டையே இரும்புக் குண்டுகள் மேல் கட்டிவைத்து ஆட்டிப் பார்த்தார். குண்டு பெரிதாக இருந்தால் காற்றுக்கே ஆடுகிறது என்று கண்டு, சின்னதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் மிளகு போன்ற குண்டுகளுக்கு வந்து நின்றார். கட்டடத்தை நிலத்தின் ஆட்டத்திலிருந்து பிரித்து வைப்பது என்ற அந்த யோசனைதான் இன்றைக்கு ஜப்பான் கட்டடங்களுக்கு அடியில் ரப்பர் அடுக்குகளாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீவன்சன் சொன்னது தப்பில்லை. பிரண்டன் ஸ்குரூ போட்டதும் தப்பில்லை. ஆபீஸ் சண்டைகளில் இப்படி முடிவது அபூர்வம்.

பிரதமரைவிடப் பெரிய சம்பளம்

பிரண்டன் போன்றவர்களுக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘ஓ-யாதோய்’. ‘யாதோய்’ என்றால் கூலிக்கு அமர்த்திய ஆள். முன்னால் வருகிற ‘ஓ’ மரியாதை முன்னொட்டு. தமிழில் சொன்னால் ‘கூலியார்’. முழுக் கொள்கையும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கும்பிடு உண்டு, குடியுரிமை கிடையாது.

1870களின் நடுவில் அரசாங்கக் கூலியார்களின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. சம்பளம்? ஒசாகா நாணயச்சாலைக்கு ஹாங்காங்கிலிருந்து வந்த தாமஸ் கிண்டருக்கு மாதம் 1,045 யென். அன்றைக்குப் பிரதமர் ஸ்தானத்தில் இருந்த சான்ஜோ சானேதோமிக்கு 800 யென். நாட்டை ஆள்கிறவரைவிட நாணயம் அடிக்கிறவருக்கு அதிகம். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் தெரிகிறது.

இந்தச் செலவில் கஜானா எப்படித் தவித்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1873 ஜனவரி 1 முதல் ஜப்பான் தன் பழைய சந்திர நாள்காட்டியைத் தூக்கிப்போட்டு ஆங்கில நாள்காட்டிக்கு மாறியது. நாகரிகம், முன்னேற்றம் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். அடியில் ஒரு கணக்கும் இருந்தது. பழைய காலண்டர்படி அந்த வருஷம் அதிக மாதம் ஒன்று விழுந்து, 13 மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. மாற்றினால் ஒரு மாதச் சம்பளம் மிச்சம். போதாக்குறைக்கு, பழைய வருஷத்தின் கடைசி மாதம் இரண்டே நாளில் முடிந்துபோனதால் அதற்கும் சம்பளம் இல்லை. சந்திரனையே வேலையை விட்டு நிறுத்தி வரவு செலவைச் சரிக்கட்டிய நிதி இலாகா உலகத்தில் வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சந்திரனுக்கே அந்தக் கதி என்றால் கூலியார் எம்மாத்திரம்?

செங்கல் பரீட்சை

அதை உணராத ஒரே ஆள் பிரண்டன். 1872இல் லீவில் ஊருக்குப் போனபோது, மேல்நாடுகளைப் பார்த்துவர ஜப்பான் அனுப்பிய இவாகுரா தூதுக்குழுவோடு பிரிட்டன் வந்திருந்த இதோவுக்குத் தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்டினார். இது நெசவாலை, இது இரும்பாலை, இப்படித்தான் உருக்குவோம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எதிராளி கயிற்றில் கட்டுண்டு கடலுக்கு மேல் தொங்கியாவது இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். புன்னகையோடு கேட்டுக்கொண்டே வந்திருப்பார். நோட்டுப் புத்தகம் நிரம்பிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த பிரண்டனுக்கு இனுபோ முனையில் ஒரு பரீட்சை. அங்கே செங்கல்லில் கோபுரம் கட்ட வேண்டும். துரைக்கு இங்கிலாந்துச் செங்கல்தான் செங்கல். ஜப்பான் மண்ணில் சுட்டது கலங்கரையைத் தாங்காது என்பது அவர் கட்சி. நகாசாவா தகாமாசா என்ற ஜப்பானிய இன்ஜினீயர் நல்ல மண் தேடி, சூளை போட்டு, 1,93,000 செங்கல் சுட்டுக் கொடுத்தார். துரைக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சுவரை இரண்டு அடுக்காகக் கட்டினார்கள். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றால் கல்யாணத்துக்கு இரண்டு சாட்சி அதிகம் கேட்கிற மாமனார் மாதிரி.

1874 நவம்பரில் விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை இன்றைக்கும் நிற்கிறார். நிற்பது மட்டுமா, ஜப்பான் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்திருக்கிறது.

கேடி முடிந்தது

இதே காலத்தில் டோக்கியோவில் ஹென்றி டையர் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும். 1873இல், 24 வயதில், இன்ஜினீயரிங் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர். கப்பலில் வரும்போதே பாடத்திட்டத்தை எழுதி முடித்துக் கையோடு கொண்டுவந்தார். கொஞ்சம் வகுப்பு, கொஞ்சம் பட்டறை, கடைசி வருஷங்களில் முழுக்கக் களவேலை. அவரை வேலைக்கு எடுத்தது பொதுப்பணி அமைச்சகம். அங்கே மேல்நாற்காலியில் இருந்தவர் யார்? யமாவோ யோசோ. கிளாஸ்கோவின் ஆண்டர்சன் காலேஜில் ஒரே காலத்தில் இருவரும் மாலை வகுப்பில் படித்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அப்போது தெரியாது.

டையருக்குத் தன் வேலை என்ன என்று தெளிவாகத் தெரியும். தனக்கு அடுத்தவனைத் தயார் செய்வது. ஐடி கம்பெனியில் ‘கேடி’ என்பார்கள். கற்றதையெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு ஒப்பித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருப்பது. அவர் மாணவர்களில் ஒருவர், தனாபே சாகுரோ. பட்டப்படிப்புக்கு ஆய்வாக எழுதிய பிவா ஏரிக் கால்வாயை, படித்து முடித்ததும் அவரே நிஜமாக வெட்டினார். நம் காலேஜ் புராஜெக்ட்டுகள் எந்தக் கடையில் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பதை இங்கே பேசாமல் விடுவது நாகரிகம்.

பிரண்டனும் சொல்லிக்கொடுத்தார். அவர் இலாகாவிலும் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஆனால் பையன்கள் கற்றுக்கொள்வது அவருக்குச் சந்தோஷம், கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்வது அவமானம். மேலே இருந்த அதிகாரிகளோடு ஓயாத தகராறு. உங்களுக்குத் தெரியாது என்பார் இவர். எங்களுக்குத் தெரியும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள் அவர்கள். 1876 மார்ச்சில் கும்பிடு போட்டு வழியனுப்பிவிட்டார்கள். அதே மாதம் சாமுராய்கள் வாள் செருகிக்கொள்ளவும் தடை வந்தது. இடுப்பில் வாளோடு இருந்தவருக்கும், நாக்கில் வாளோடு இருந்தவருக்கும் ஒரே மாதத்தில் ஓய்வு.

ஏழரை வருஷத்தில் 26 கலங்கரை விளக்கங்கள், இரண்டு விளக்குக் கப்பல்கள். ஏழரை நாட்டுச் சனியில் இவ்வளவு வெளிச்சம் போட்டவர் வேறு யாரும் இல்லை.

மற்ற கூலியார்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். 1,045 யென் கிண்டர் 1875லேயே போயாயிற்று. அவரோடு முட்டிக்கொண்டிருந்த எண்டோ கின்சுகே, கரி அறையில் ஒளிந்து போன ஐவரில் ஒருவர்தான், 1881இல் அதே நாணயச்சாலைக்குத் தலைவரானார். உள்ளே இருந்த செர்ரி மரங்கள் பூக்கிறபோது ஊர் ஜனமும் பார்க்கட்டும் என்று 1883இல் கதவைத் திறந்துவிட்டார். இன்றைக்கும் வருஷாவருஷம் திறக்கிறார்கள். இனோவே மசாரு ரயில்வேயைக் கையில் எடுத்து, வெளிநாட்டு இன்ஜினீயர் துணையில்லாமலே ஒசாகாயாமா மலையைக் குடைந்து 1880இல் ரயில் விட்டார். விளக்கு இலாகாவுக்குப் புதுக் கப்பல் வேண்டும் என்றபோது, யமாவோவின் அமைச்சகம் 1873இல் ஆர்டர் கொடுத்து வாங்கிய ‘மெய்ஜி மாரு’ எங்கே கட்டியது தெரியுமா? கிளாஸ்கோ நேப்பியர் பட்டறையில். சுத்தியல் பிடித்த இடத்துக்கே செக் அனுப்பினார் மனிதர்.

யார் பர்மனென்ட்?

ஊர் திரும்பிய பிரண்டன் ஜப்பான் விளக்குகளைப் பற்றி லண்டன் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தில் கட்டுரை வாசித்து டெல்ஃபோர்டு பரிசு வாங்கினார். அதோடு சரி. கிளாஸ்கோவில் ஒரு பாரஃபின் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். நாடு முழுக்க விளக்கு ஏற்றியவர், விளக்குக்கு எண்ணெய் விற்கப் போனார். பிறகு கட்டடங்களுக்கு அலங்காரச் சுண்ணப் பூவேலை செய்கிற தொழில். கெட்டிக் கல்லைத் தவிர மற்றதெல்லாம் வேஷம் என்று வாதாடியவருக்குக் கடைசியில் சோறு போட்டது வேஷம்தான். ஜப்பான் அனுபவத்தை ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். 1901இல் இறந்தார். புத்தகம் இங்கிலீஷில் அச்சேறியது 1991இல். 90 வருஷம் காத்திருக்க வைத்த பதிப்பாளர்களைப் பற்றித் தமிழ் எழுத்தாளர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

யோகோஹாமாவில் அவர் வடிவமைத்த பூங்கா இன்னும் இருக்கிறது, நடுவில் பேஸ்பால் மைதானத்தோடு. அங்கே அவருக்கு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். ஜப்பான் கலங்கரைகளின் தந்தை என்கிறார்கள். வேலையை விட்டு அனுப்பியவர்களே சிலை வைப்பது நமக்கும் புதிதல்ல.

இந்தக் கதையில் வேலை நிரந்தரம் என்று நம்பியவர்கள் எல்லாரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஷோகுன், அவுட். பழைய நாள்காட்டி, அவுட். கப்பல்களைச் சுட்டுக் கதையை ஆரம்பித்த சோஷூ சமஸ்தானம், 1871இல் எல்லாச் சமஸ்தானங்களோடும் கலைக்கப்பட்டது. வாள் போயிற்று, துரை போனார். துரையை அனுப்பிய பொதுப்பணி அமைச்சகத்தையே 1885இல் மூடினார்கள். துரை பழக்கிவிட்ட விளக்குக் காவலர் உத்தியோகம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. அதிலும் இயந்திரம் நுழைந்தது. ஆள் வைத்துப் பார்த்துக்கொண்ட கடைசி விளக்கு, நாகசாகி மாகாணத்து மேஷிமா. 2006இல் அங்கிருந்தும் ஆட்கள் கீழே இறங்கிவிட்டார்கள்.

விளக்கு மட்டும் தினமும் சாயங்காலம் டியூட்டிக்கு வந்துவிடுகிறது.